திங்கட்கிழமைச் சட்டம்

சட்டம் அமலுக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை. அங்கேயே தப்பு என்பாள் எட்னா ஹெஸ்லாப். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு, ஜூலை ஐந்தாம் தேதி. நாட்டில் யாருக்கு என்ன நோய் வந்தாலும் இனி அரசாங்கமே வைத்தியம் பார்க்கும், டாக்டரோ ஆஸ்பத்திரியோ பல்லோ கண்ணாடியோ எதற்கும் யாரும் காசு கேட்கக்கூடாது என்று ஒரு சட்டம். அதை எழுதி, அவையில் பேசி, டாக்டர்களோடு மல்லுக்கட்டி, கடைசியில் திங்கட்கிழமை பார்த்து ஆரம்பித்தார்கள் பாருங்கள், அவர்களில் ஒருத்தர்கூட வாழ்நாளில் ஒரு துணியைத் துவைத்துக் காயப்போட்டவர் இல்லை. எங்கள் ஊர்ப் பெண்பிள்ளை ஒருத்தியைக் கேட்டிருந்தால் செவ்வாய்க்கிழமை வைத்திருப்பாள்.

வட இங்கிலாந்தில், டைன் ஆற்றங்கரைக் கப்பல் பட்டறை ஊர்களில் திங்கட்கிழமை என்றால் துணிதான், வேறு பேச்சே கிடையாது. எங்கள் பெல்ஃபோர்ட் தெருவில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வீடுகள். இரண்டு வரிசைக்கும் நடுவில் கொல்லைப்புறச் சந்து. விடியற்காலை ஐந்து மணிக்கே கொப்பரையில் வெந்நீர் கொதிக்க ஆரம்பித்துவிடும். மரத்தொட்டியில் துணியைப் போட்டு உலக்கை மாதிரி ஒரு கட்டையால் தொம் தொம்மென்று குத்துவார்கள். அந்தச் சத்தத்தில்தான் தெருப் பிள்ளைகள் கண்விழிப்பார்கள். பத்து மணிக்குள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை கயிறு, கயிறு நிறைய வெள்ளை வெளேரென்று படுக்கை விரிப்புகள். கரி வண்டிக்காரன் அன்றைக்குச் சந்துக்குள் தலைகாட்ட மாட்டான். மறந்துபோய்க் குதிரையை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டால் அவனுடைய ஏழு தலைமுறையும் அன்று சந்தி சிரிக்கும்.

எட்னாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அந்தச் சந்தில் இன்று கார்களும் குப்பைத்தொட்டிகளும்தான் நிற்கின்றன. துணி துவைக்கும் இயந்திரம் சமையலறையில் எந்தக் கிழமையானாலும் சுற்றுகிறது. ஆனாலும் திங்கட்கிழமை காலையில் கண் விழித்ததும் சோடாவும் சவுக்காரமும் கலந்த அந்த ஈர வாசனையை மூக்கு தேடுகிறது என்பாள். பாழாய்ப்போன மூக்கு, அதற்கு யார் எடுத்துச் சொல்வது.

ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். திங்கட்கிழமை பத்து மணிக்கு ஒரு வீட்டுக் கயிறு வெறுமையாக இருந்தால் அந்த வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். சாவு இல்லையென்றால் அந்த வீட்டுக்காரி சோம்பேறி. சாவையாவது தெரு மன்னிக்கும்.

அந்த வருஷம் எட்னா டாக்டர் மெக்கெல்லரிடம் வேலை பார்த்தாள். ஸ்காட்லாந்துக்காரர், சிடுமூஞ்சி, கை மட்டும் பஞ்சு. அவருடைய வீட்டு முன்னறைதான் மருத்துவமனை. கதவைத் திறந்துவிடுவது, வந்தவர் பெயரை எழுதுவது, மருந்துப் பாட்டிலில் சீட்டு ஒட்டுவது எல்லாம் அவள்தான். பெஞ்சுகளில் பட்டறை ஆண்கள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து இருமுவார்கள். அவர்களுக்கு ‘பேனல்’ உண்டு. வேலைக்குப் போகிறவனுக்கு மட்டும் டாக்டர் பார்க்கிற பழைய ஏற்பாட்டுக்கு அதுதான் பெயர். பெண்டாட்டிக்கு அதில் இடமில்லை. பெண்பிள்ளைகள் அந்த வாசலை மிதிப்பது பிள்ளைக்கு ஜுரம் என்றால்தான். தன் உடம்புக்கென்று ஒருத்தி வந்தால், வரவேண்டிய நேரத்தைத் தாண்டித்தான் வந்திருப்பாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எதிர்வரிசை மிசஸ் பர்விஸ் அப்படித்தான் வந்தாள். இடுப்பு வலி, இடுப்பு வலி என்றே சொல்லிக்கொண்டிருந்தவள். டாக்டர் பார்த்துவிட்டு வெளியே வந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஆறு வாரத்தில் முடிந்துவிட்டது.

எட்னாவின் அம்மாவும் இடுப்பு வலி என்றுதான் சொன்னாள்.

அம்மா ஒருநாளும் முனகியவள் இல்லை. ஆனால் கூடவே இருக்கும் பெண்ணின் கண்ணை மறைக்க முடியுமா? துவைக்க நிற்கும்போது ஒரு காலைச் செங்கல் மேல் தூக்கி வைத்துக்கொள்வாள். தினமும் காலையில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பழைய விரிப்பைக் கிழித்த பட்டையை அடிவயிற்றில் இறுக்கிக் கட்டிக்கொள்வாள். தன் உள்துணிகளை மட்டும் யாருமில்லாத நேரத்தில் தனியாக அலசி, அடுப்புக்குப் பின்னால் மறைத்துக் காயவைப்பாள். தேவாலயத்தில் எல்லோரும் எழுந்து பாடும்போது முன்பெஞ்சைப் பிடித்திருக்கும் அவள் விரல்கள் வெளுத்துப்போயிருக்கும். கேட்டால், “நின்னு நின்னு பழகின ஒடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்பாள். வற்புறுத்திக் கேட்டால், “கீழ கொஞ்சம் சரியில்ல. பொம்பளைன்னா இருக்குறதுதான், நீ போய் வேலையப் பாரு” என்று வாயை மூடிவிடுவாள். எட்னாவுக்கு மிசஸ் பர்விஸின் நினைப்பு வரும்.

அப்பா மேத்யூ ஹெஸ்லாப் கப்பல் பட்டறையில் இரும்புத் தகடுகளுக்கு ரிவெட் ஆணி அடிப்பவர். முப்பது வருஷம் இரும்பில் இரும்பை அடித்ததில் காது பாதி போய்விட்டது. சங்கக் கட்டடத்தின் வாசகசாலையிலிருந்து அந்தச் சட்டத்தின் அச்சுப்பிரதியை இரவல் வாங்கிவந்து வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு அப்புறம் பிரிவு பிரிவாக உரக்கப் படிப்பார். செவிட்டு மனிதர் படித்தால் எப்படி இருக்கும்? சந்து முழுக்கக் கேட்கும். முதல் பிரிவு, அதன் இரண்டாம் உட்பிரிவு, கட்டணம் கிடையாது என்று வரும் இடம் வந்ததும் மேஜையைத் தட்டுவார். அந்த அச்சுத்தாளின் மேல் அவருக்கு அப்படி ஒரு காதல். முப்பதுகளில் பட்டறை மூடிக் கிடந்தபோது தெருமுனையில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மனிதர் அல்லவா, நமக்கென்று ஒரு சட்டம் வருகிறதே என்று அந்த வரியை மறுபடி படிப்பார். எட்னா இன்றும் அந்தக் குரலை நினைத்தால் சிரிப்பாள், சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஆனால் இதையும் சொல்வாள்: சட்டத்தை வரி விடாமல் படித்த மனிதர், எதிரில் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்டாட்டியைப் பார்க்கவே இல்லை.

“அதுல பொம்பளைன்னு போட்டிருக்கா?” என்று ஒருநாள் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

“எல்லாருக்கும்னு போட்டிருக்கும்மா. எல்லாருக்கும்னா எல்லாரும்தானே?” என்றார் அப்பா.

“அப்ப போடல” என்று அம்மா தட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

வசந்தத்தில் வீட்டுக்கு வீடு துண்டுப் பிரசுரம் வந்தது. உங்கள் டாக்டரை இப்போதே தேர்ந்தெடுத்துப் பதிந்துகொள்ளுங்கள் என்றது. ஆளுக்கு ஒரு படிவம். பூர்த்தி செய்து டாக்டரிடம் கொடுத்தால் அவர் கையெழுத்திட்டு நகரத்து அலுவலகத்துக்கு அனுப்புவார். அங்கிருந்து பெயர் போட்ட அட்டை வரும். எட்னா நான்கு படிவம் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அப்பா அன்றே எழுதினார். அண்ணன் ரால்ஃப் எழுதினான். எட்னா எழுதினாள். நான்காவதை அம்மா மடித்து ரொட்டிப் பெட்டிக்கு அடியில் செருகிவிட்டாள்.

“எனக்கு எதுக்குடி அது? நான் என்ன வேலைக்கா போறேன்?” என்றாள். அதைச் சொல்லும்போது முழங்கைவரை மாவோடு ஆறு தட்டை ரொட்டிக்குப் பிசைந்துகொண்டிருந்தாள்.

வேலைக்குப் போகாததுதான் காரணம் என்று எட்னா நம்பவில்லை. அரசாங்கக் காகிதம் என்றாலே அம்மாவுக்கு ஆகாது. முப்பதுகளில், வேலையில்லாத வீட்டுக்கு உதவிப்படி கொடுக்கிறேன் என்று ஒரு அதிகாரி வீடு வீடாக வந்து சோதித்த காலம் அவள் மனசைவிட்டுப் போகவில்லை. அந்த ஆள் தொப்பியைக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, எத்தனை கட்டில், யார் எங்கே படுப்பது, கடிகாரம் ஓடுகிறதா என்று கேட்டுக் கேட்டு எழுதினான். மாடிக்குப் போய் விரிப்பைத் தூக்கிப் பார்த்தான். அம்மா வெள்ளையாகத் துவைத்துப் போட்டிருந்த விரிப்பை. அன்றைக்கு இரவு அம்மா அந்த விரிப்பை மறுபடி கொதிக்கவைத்துத் துவைத்தாள், அது புதன்கிழமையாக இருந்தும்.

ஆறு வாரம் எட்னா கெஞ்சினாள், சண்டை போட்டாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். அம்மா அசையவில்லை. ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை கரிவாளியோடு கொல்லைப் படியேறிய அம்மா பாதியில் நின்றாள். வாளியை மெதுவாகக் கீழே வைத்தாள். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முகம் சாம்பல் பூத்துவிட்டது. எட்னா ஓடிப்போய் பக்கத்தில் உட்கார்ந்தாள், அழுகைதான் வந்தது. எட்னா சின்னப் பிள்ளையிலும் அதிகம் அழாத ஜாதி.

“சரி, சரி. அழுது தொலைக்காத. குடு அதை” என்றாள் அம்மா.

இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்தாள். கை கழுவினாள். மேஜையில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட அந்த உருண்டை எழுத்தில் பெயரை எழுதினாள்: மிசஸ் மேத்யூ ஹெஸ்லாப். எட்னா பார்த்தாள். அதில் ஒரு குறையும் அவளுக்குத் தெரியவில்லை. தெருவில் கல்யாணமான எந்தப் பெண் வேறு மாதிரி எழுதினாள்? புருஷன் பெயரை முழுசாக எழுதி முன்னால் மிசஸ் என்று போட்டால் அதுதான் பெண்டாட்டி. மரியாதைப்பட்ட குடும்பத்துப் பெண்கள் கடிதத்திலும், கல்லறை மாலைச் சீட்டிலும் அப்படித்தான் எழுதினார்கள். எட்னா படிவத்தை எடுத்துக்கொண்டு போய் மற்றப் படிவங்களோடு சேர்த்து அனுப்பினாள். அன்றைக்குத் திரும்பி வரும்போது தெருவில் பாடிக்கொண்டே வந்தாளாம்.

ஜூலை முதல் தேதி, வியாழக்கிழமை, அட்டைகள் வந்தன. அப்பாவுக்கு ஒன்று, ரால்ஃபுக்கு ஒன்று, எட்னாவுக்கு ஒன்று. அம்மா உறையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். பிறகு மூன்றையும் அடுக்கி அலமாரியில் வைத்துவிட்டு ரொட்டி சுடப் போனாள்.

“நாளைக்கு வரும்மா” என்றாள் எட்னா.

“நான்தான் சொன்னேன்ல” என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் டாக்டர் வீட்டுக்கு நகரத்து அலுவலகத்திலிருந்து ஒரு கட்டு வந்தது. நூலால் இறுக்கிக் கட்டிய படிவங்கள், மேலே ஒரு குறிப்பு: ஒரே நபர் இரண்டு முறை விண்ணப்பித்துள்ளார், இரண்டாவது ரத்து. எட்னா நூலை அவிழ்த்துப் புரட்டினாள். மேத்யூ ஹெஸ்லாப். ஜார்ஜ் டாட்ஸ். வில்லியம் லோஸ். எல்லாவற்றின் முன்னாலும் ஒரு மிசஸ், எல்லாவற்றின் மேலும் சிவப்பு மையில் ஒரு குறுக்குக் கோடு. அங்கே நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் படிவம் குவிந்துகொண்டிருந்தது. அவசரத்துக்குச் சேர்த்த ஆட்கள். பெயரைப் பார்த்தார்கள், விலாசத்தைப் பார்த்தார்கள், ஒன்றாக இருக்கிறதே என்று கோடு போட்டார்கள். பெல்ஃபோர்ட் தெருவில் மட்டும் பதினாலு பெண்கள். பதினாலு பேரும் புருஷன் பெயருக்குப் பின்னால் காணாமல் போயிருந்தார்கள்.

ஒவ்வொன்றும் எட்னா தன் கையால் வாங்கி அனுப்பியது. டாக்டர் மெக்கெல்லர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பார்த்தார். “புதுப் படிவம் எடுத்துட்டுப் போய் எழுதி வாங்கிட்டு வா. யார் வந்தாலும் நான் பாக்குறேன். அட்டை பின்னால வந்துக்கட்டும்” என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அந்த மனிதருக்கு மேலுலகத்தில் நல்ல சூடான அறை கிடைத்திருக்கட்டும்.

சனி மாலையும் ஞாயிறும் எட்னா வீடு வீடாக ஏறி இறங்கினாள். அந்த இரண்டு நாளைச் சொல்லும்போது அவள் முகமே மாறிவிடும். பிறந்ததிலிருந்து பார்க்கிற பெண்கள், ஒருத்தியின் பெயரும் அவளுக்குத் தெரியாது. மிசஸ் லோஸின் பெயர் கெசியா. பேய் மாதிரிக் கத்துகிற மூலைவீட்டு மிசஸ் டாட்ஸ், ஃபிலடெல்ஃபியா. அதைச் சொல்லும்போது மிசஸ் டாட்ஸ் குரலைத் தாழ்த்தினாள்; பின்னால் நின்ற பேரன் சிரிக்க, அவன் காதைப் பிடித்துத் திருகினாள். சிலர் எழுத்துக்கூட்டி எழுத நேரம் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி, கல்யாணப் பதிவேட்டில் எழுதினதோட சரி, என்றாள்.

தன் வீட்டுக்குக் கடைசியாகத்தான் போனாள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடிந்திருந்தது. அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால். அம்மா படிவத்தைப் பார்த்தாள், கையை நீட்டவில்லை.

“ஒரு தடவை கேட்டாச்சு. இல்லன்னுட்டாங்க. திரும்பப் போய்க் கை நீட்டுறவ நான் இல்ல.”

“இல்லன்னு யாரும் சொல்லலம்மா. நீ அப்பா பேரை எழுதிட்ட. ரெண்டும் ஒரே ஆளுன்னு நெனச்சுட்டாங்க.”

“வேற யார் பேரை எழுதுவாங்க?”

எட்னா திரும்பி வந்த படிவக் கட்டைப் பிரித்து மேஜைமேல் பரப்பினாள். மிசஸ் வில்லியம் லோஸ், மிசஸ் ஜார்ஜ் டாட்ஸ், எல்லாம் சிவப்புக் கோட்டோடு. அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“மிசஸ் டாட்ஸுதுமா திரும்பி வந்துச்சு?”

“எல்லாருதும்தான்.”

அம்மாவுக்கும் மிசஸ் டாட்ஸுக்கும் இருபது வருஷமாக யார் விரிப்பு அதிக வெள்ளை என்று ஒரு போர். வாய்விட்டு ஒருநாளும் பேசியதில்லை, கயிற்றில்தான் எல்லாம். அந்த மிசஸ் டாட்ஸையே கோடு போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்றால் இது தன்னை மட்டும் வேண்டாம் என்று தள்ளியதல்ல என்று அம்மாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள். பெயர் என்று போட்டிருந்த இடத்துக்கு வந்ததும் நின்றாள். வீட்டில் அவள் அம்மா. அப்பாவுக்கும் அவள் ‘இந்தாம்மா’தான். தெருவுக்கு மிசஸ் ஹெஸ்லாப். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கடைசி ஆள் அவளுடைய அக்கா, அந்த அக்கா செத்துப் பதினொரு வருஷம்.

“இசபெல்லா” என்றது செய்தித்தாள்.

அம்மா நிமிர்ந்தாள். அப்பா தாளை இறக்கவில்லை. காது கேட்காத மனிதருக்கு இது மட்டும் எப்படிக் கேட்டதோ. “எழுதும்மா. நடுவுல ரெண்டு எல் வரும்” என்றார். அவர் குரல் சட்டம் படிக்கும்போது வருகிற குரலாக இல்லை.

“எத்தனை எல்னு எனக்குத் தெரியும்” என்றாள் அம்மா. காது சிவந்துபோயிருந்தது. எழுதினாள்.

எட்னா படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். நாளைக்குக் காலை டாக்டரைப் பார்க்க வருகிறாயா என்று கேட்டாள். அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நாளைக்குத் திங்கக்கிழமைடி.”

“சட்டம் நாளைக்குத்தாம்மா ஆரம்பிக்குது.”

“அதுக்கு? கயித்த வெறுமையா விட்டுட்டு நான் டாக்டர் வீட்டுல போய் உக்காரவா? செவ்வாக்கிழமை வரேன்.”

எட்னாவுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை எப்படிப்பட்டது என்று தெரியும். செவ்வாய் இஸ்திரி. புதன் தையல், கிழிசல். வியாழன் ரொட்டி. வெள்ளி அடுப்புக்குக் கருப்பு பூசி வாசல்படி தேய்ப்பது. சனி கடைத்தெரு. ஞாயிறு கர்த்தருக்கு. அம்மாவின் வாரத்தில் உடம்புக்கென்று ஒரு கிழமை கிடையாது. கையெழுத்து வாங்க ஆறு வாரம் ஆயிற்று. வாசலைத் தாண்ட வைக்க எத்தனை வருஷம் ஆகுமோ, அதற்குள் மிசஸ் பர்விஸ் மாதிரி. அதற்குமேல் எட்னாவால் நினைக்க முடியவில்லை.

திங்கட்கிழமை எட்டரைக்கு டாக்டர் வீட்டுக் கதவைத் திறந்தாள். வாசலில் கூட்டம். அடேயப்பா, அப்படி ஒரு கூட்டத்தை அந்தத் தெரு பார்த்ததில்லை. கண்ணாடிக்குச் சீட்டு வேண்டும் என்று கிழவர்கள், குடலிறக்கத்துக்குப் பட்டை வேண்டும் என்று பட்டறையில் ஓய்வு பெற்றவர்கள். ஆண்களுக்குத் திங்கட்கிழமை ஒரு கிழமை, அவ்வளவுதானே. எட்னா பெயர் எழுதினாள், எழுதினாள், ஒவ்வொரு தடவை கதவு திறந்தபோதும் தலையைத் தூக்கினாள். ஒன்பது மணி ஆயிற்று. ஒன்பதரை ஆயிற்று. ஒரு பெண்கூட வரவில்லை. பதினாலு புதுப் படிவமும் மேஜை இழுப்பறையில் அப்படியே கிடந்தன. வேறு வேலை கிடைக்காமலா போய்விடும் எனக்கு, பேசாமல் எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றிவிட்டது அவளுக்கு.

சந்தில் அன்று காலை நடந்ததை மிசஸ் டாட்ஸ் பிற்பாடு நூறு தடவை சொல்லியிருப்பாள், ஒவ்வொரு தடவையும் தான்தான் முதல் என்று முடிப்பாள். அம்மா வழக்கம்போலத் துவைத்து முடித்து, கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கொல்லைக்கதவைத் திறந்திருக்கிறாள். மூலைவீட்டுக் கயிறு வெறுமையாகக் கிடந்தது. இருபது வருஷத்தில் முதல் தடவை. ஜார்ஜ் டாட்ஸ் போய்விட்டாரோ என்று அம்மா கூடையோடு ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்த மிசஸ் டாட்ஸ் கோட்டு போட்டு, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி வைத்து, கைப்பையோடு நின்றாள். காலில் ஆறாத புண் ஒன்பது வருஷமாக. துணி சுற்றி மறைத்து வைத்திருந்தாள், தெருவில் யாருக்கும் தெரியாது.

“யாரு போயிட்டாங்க?” என்று அம்மா கேட்டாளாம்.

“யாரும் போகல. நான்தான் போறேன், டாக்டர்கிட்ட” என்றாளாம் மிசஸ் டாட்ஸ். பிறகு அம்மாவின் இடுப்பிலிருந்த கூடையையும், அம்மா நின்ற விதத்தையும் பார்த்திருக்கிறாள். “நீங்களும் தொப்பிய எடுத்துட்டு வாங்க மிசஸ் ஹெஸ்லாப். எத்தன வருஷமா உங்களைச் சுவத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து பாத்துட்டிருக்கேன்.”

அம்மா கூடையை அங்கேயே இறக்கி வைத்தாள். ஈர விரிப்புகள் மடித்தது மடித்தபடி. இரண்டு பேர் தொப்பியோடு சந்தில் நடந்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஒவ்வொரு கொல்லைக்கதவாகத் திறந்தது. என்ன, எங்கே, யாருக்கு என்ன என்று கேட்டார்கள். ஒவ்வொருத்தியாகத் தொப்பியை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

பத்து மணிக்கு டாக்டர் வீட்டுக் கதவு திறந்தது. எட்னா தலையைத் தூக்கினாள். முன்னால் மிசஸ் டாட்ஸ், பக்கத்தில் அம்மா, பின்னால் கெசியா லோஸ், அவளுக்குப் பின்னால் இன்னும் எட்டுப் பேர். எல்லோரும் தொப்பி வைத்திருந்தார்கள், எல்லோருடைய கையும் சோடாத் தண்ணீரில் ஊறிச் சிவந்திருந்தது. பெஞ்சில் இருந்த ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்து இடம் விட்டார்கள். அன்று பெல்ஃபோர்ட் தெருச் சந்தில் பதினொரு கயிறு வெறுமையாக இருந்தது. தெருவில் யாரும் சாகவில்லை.

பெண்களை டாக்டர் பார்க்கும்போது எட்னா உள்ளே தடுப்புத்துணிக்குப் பக்கத்தில் துணையாக நிற்க வேண்டும், அது வழக்கம். அம்மாவின் முறை வந்தபோது டாக்டர் மெக்கெல்லர் எட்னாவைப் பார்த்தார்; வேண்டுமானால் வெளியே இரு என்பது போல. எட்னா அம்மாவைப் பார்த்தாள். “இருக்கட்டும்” என்றாள் அம்மா.

டாக்டர் படிவத்தை எடுத்துப் படித்தார். “இசபெல்லா ஹெஸ்லாப்” என்றார். அம்மா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, “ஆமா டாக்டர்” என்றாள்.

பார்த்து முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. கர்ப்பப்பை இடம்விட்டு முழுசாகக் கீழே இறங்கிவிட்டிருந்தது. அவள் கட்டின துணிப்பட்டைதான் இத்தனை காலம் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. மிசஸ் பர்விஸுக்கு வந்தது இல்லை இது. ஆஸ்பத்திரியில் ஓர் அறுவை, மூன்று வாரப் படுக்கை, சரியாகிவிடும் என்றார் டாக்டர். கைகழுவிக்கொண்டே சொன்னார். எட்னா அப்போதுதான் மூச்சை விட்டாள், இரண்டு வருஷமாக அடக்கி வைத்திருந்த மூச்சு.

டாக்டர் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். “எவ்வளவு காலமாம்மா இப்படி இருக்கு?”

அம்மா கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்து மாட்டினாள். எட்னா நின்ற பக்கம் திரும்பினாள், பிறகு அவசரமாக டாக்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இவ பொறந்ததுலேர்ந்து” என்றாள்.

டாக்டரின் பேனா நின்றுவிட்டது. அம்மா அதைப் பார்த்தாள். தன் பிள்ளையைப் பற்றி யாரோ தப்பாக நினைத்துவிடுவார்களோ என்பது போல முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“அவ மேல ஒரு தப்பும் இல்ல டாக்டர். நல்ல கனமா பொறந்தா, அவ்வளவுதான்.”

எட்னாவுக்கு அந்த ஆகஸ்டில் இருபத்து மூன்று முடிந்தது.